மடு ரோட்டிலிருந்து வந்த அழைப்பு

ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கப்பலை யாரும் மதித்ததில்லை. பயணிகள் அதைத் ‘தொட்டி’ என்பார்கள். அதன் வேகத்தைப் பற்றி ராமேஸ்வரத்து மீனவர்கள் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. அது நின்றுபோய் நாலு வருடம் கழித்து, எண்பத்தெட்டாம் வருடம், நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கப்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வர முடியுமா, போகவர ஏற்பாடு எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள்.

என் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “அவங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றாள்.

இல்லை என்பது போய்ச் சேர்ந்த பிறகு எனக்கும் தெரிந்தது.

நான் பரமக்குடிக்காரன், பெயர் ராமலிங்கம். ரயில்வே உத்தியோகம். ஆனால் சர்வீஸில் பெரும்பகுதியைத் தண்ணீர்மேல் கழித்தேன். கப்பல் குமாஸ்தா. பயணிகள் பட்டியலைச் சரிபார்ப்பது, டிக்கெட் வாங்கி வைப்பது, வாந்தி எடுப்பவர்களுக்கு வாளி எங்கே இருக்கிறது என்று காட்டுவது, இவைதான் வேலை.

ரயில்வேக்கு எதற்குக் கப்பல் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் எழும்பூரில் வாங்கிய டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும். தனுஷ்கோடியில் ரயில் கடலோரத்தில் கொண்டுபோய் விடும். இறங்கினால் கப்பல். அக்கரையில், ‘பாலத்தடி’ என்று சொல்லும் தலைமன்னார் துறைமேடையில் இறங்கினால் இன்னொரு ரயில் தயாராக நிற்கும். தண்டவாளம் போட முடியாத அந்தக் கொஞ்சம் மைலுக்கு, கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல்களை வாங்கிப் போட்டது ரயில்வே. தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பத்துநாலில், அக்கரைச் சண்டையில், அதுவும் நின்றது.

என்னை அழைத்தவர் வால்டர் என்ற கிழவர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் ஓடிய ரயில்வேக் கப்பல்களில் பதினாறு வயதிலிருந்து தட்டுத் தூக்கியவர். பிறகு நியூசிலாந்தில் குடியேறி, ஓய்வுபெற்று, தன்னைப் போன்ற இருபது பேரைச் சேர்த்து ஒரு கப்பல் ரசிகர் சங்கம் வைத்திருந்தார். உலகத்தில் ரயில்வே எங்கெல்லாம் கப்பல் விட்டதோ அங்கெல்லாம் கடிதம் போட்டு விவரம் கேட்பார். எங்கள் ஆபீசுக்கு வந்த கடிதம் மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் என்னிடம் வந்து நின்றது. நான் பதில் எழுதினேன். உலகத்தில் பதில் எழுதிய ஒரே ரயில்வே ஊழியன் நான்தானாம். அந்தத் தகுதியில்தான் விமானம் ஏறினேன்.

புதன்கிழமை போய் இறங்கினேன். வால்டர் ஒரு மரவீட்டில் தனியாக இருந்தார். மவுண்ட் ஆல்பர்ட் என்ற பகுதி. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. விருந்தினரை விட்டு ரயிலைப் பார்க்க ஓடும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுவரெல்லாம் புகைபோக்கிகளின் படம். மனைவியின் படம் ஒன்று இருந்தது. அதுவும் ஒரு கப்பல் மேல்தளத்தில் எடுத்தது. அம்மாளைவிட உயிர்காப்புப் படகு தெளிவாக விழுந்திருந்தது.

சாப்பாடு பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காலையில் ரொட்டியில் கறுப்பாக ஒன்றைத் தடவிக் கொடுத்தார். இரும்புச் சட்டியின் அடியைச் சுரண்டி உப்புப் போட்டது போல இருந்தது. மத்தியானம் என் வருகையைக் கௌரவித்து ‘கறி’ சமைத்தார். அதில் ஆப்பிள் இருந்தது, உலர்ந்த திராட்சை இருந்தது, மஞ்சள் நிறம் இருந்தது. “வீட்டு ஞாபகம் வருகிறதா?” என்று கேட்டார். வந்தது என்றேன். பொய்யில்லை.

தோட்டத்தில் ஒரு மரத்தடியில் பச்சைக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. கொய்யா என்று எடுத்தேன். கொய்யா இல்லை, ஃபிஜோவா. அந்தப் பருவத்தில் ஓக்லாந்தில் எல்லார் வீட்டிலும் அது உதிர்கிறது. எல்லாரும் பை பையாகக் கட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டார் அதற்கு முன்பே இவர்களுக்கு ஒரு பை கொடுத்துவிடுகிறார்கள்.

வியாழன் முழுவதும் வால்டரின் பாடம். லண்டனிலிருந்து ரயில் புறப்படும்போதே டோவரில் கப்பலின் கொதிகலனில் நெருப்பை ஏற்றுவார்கள். சில ராத்திரிகளில் படுக்கைப் பெட்டிகளை ஆளோடு அப்படியே கப்பலுக்குள் தள்ளி, அக்கரையில் வெளியே இழுப்பார்கள். பயணி தூக்கம் கலையாமல் வேறு நாட்டில் கண்விழிப்பான். “ரயில் வராமல் கப்பல் போகாது. கப்பல் என்பது ரயிலின் கடைசிப் பெட்டி, அவ்வளவுதான்” என்றார் வால்டர். அவர்களுடைய கப்பல்களையும் நாலு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் விற்றுவிட்டதாம். எங்களுடையது நின்ற அதே வருடம். இரண்டு பேரும் துக்கம் விசாரித்துக்கொண்டோம்.

இந்த நாட்டிலும் ரயில்வேக்குக் கப்பல் உண்டா என்று கேட்டேன். உண்டாம், தெற்கே வெலிங்டனில். தினமும் ஓடுகிறதாம். சங்கத்தில் அதைப் பார்க்கப் போனவர்கள் இரண்டு பேர். ஓடுகிற கப்பலில் இவர்களுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

வெள்ளிக்கிழமை தனியாக நகரத்துக்குப் போனேன். துறைமுகத்தில் டெவன்போர்ட் படகில் ஏறி அக்கரை போய் இறங்காமலே திரும்பி வந்தேன். தொழில் பழக்கம். பிறகு வீட்டுக்குத் திரும்ப, பெரிய அரண்மனை போல் கட்டிவிட்டு ஆளில்லாமல் வைத்திருக்கும் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

கொஞ்ச நேரத்தில் கார்டு வந்து டிக்கெட்டில் துளை போட்டார். ஃபிஜியிலிருந்து வந்தவர். அவருடைய பாட்டனார் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவராம். அவரிடம் மிச்சமிருந்த தமிழ் ஒரே வாக்கியம்தான். “சாப்பிட்டியா?” என்று கேட்டார். ஆமா என்றேன். அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார்: “நீங்கள் ஏறியிருப்பது தப்பான ரயில். இது பாபகூரா போகிறது.”

இருபது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் சம்பளம் வாங்குபவன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

பாபகூரா தெற்கே கடைசி ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஒரு வயதானவர் நின்றிருந்தார். ரயில் நின்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதினார். நெற்றியில் திருநீறு.

“தமிழா?” என்று கேட்டேன்.

“ஓம். நாலு நிமிசம் லேட்” என்றார்.

அவர் கனகரத்தினம். ஊர் சாவகச்சேரி. அக்கரை ரயிலில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மகள் வசந்தியும் மருமகனும் இங்கே வேலை கிடைத்து வந்தார்கள். தாய் தகப்பனையும் கூட்டி வந்தார்கள். தாய் போன வருடம் தவறிவிட்டார். மாஸ்டர் தினமும் மாலை இங்கே வந்து ரயில்களின் நேரத்தைக் குறிக்கிறார். யாரும் கேட்பதில்லை. மாதக் கடைசியில் அதைச் சுத்தமாகப் பிரதியெடுத்து இந்த நாட்டு ரயில்வேக்கு அனுப்புகிறாராம். அவர்களும் நன்றி தெரிவித்து ஒரு வரி பதில் போடுகிறார்களாம்.

நான் ராமேஸ்வரம் கப்பலில் இருந்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கட ரயிலின்ர மற்றப் பாதி நீங்கள்!” என்றார். சரியான ரயிலில் என்னை ஏற்றிவிட்டு, நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வர வேண்டும் என்றார். மூன்று நாள் ஆப்பிள் கறி சாப்பிட்டவன், மறுப்பேனா?

சனிக்கிழமை போனேன். வசந்தி புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்து, கத்தரிக்காய் பொரித்திருந்தாள். தேங்காய்ப் பூவுக்கு எங்கே போனீர்கள் என்றேன். பசிபிக் தீவுக்காரர்கள் கடையில் தேங்காய் கிடைக்கிறதாம். பேத்தி ஒருத்தி என்னிடம் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிவிட்டு டிவிக்குப் போய்விட்டாள். கூடத்துச் சுவரில் மாஸ்டரின் மனைவி படம், மாலையோடு.

சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது மாஸ்டர் கேட்டார். “எழுபதுகளின்ர தொடக்கத்திலே ஒரு தீபாவளிக்கு முதல் நாள். மலைநாட்டு ஆக்களை இந்தியாவுக்கு அனுப்பின காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ? கப்பல் ரயிலை விட்டிட்டுப் போன நாள்.”

எனக்கு ஞாபகம் இருந்தது.

ஆனால் அவர்தான் சொன்னார். அப்போது அவர் மடு ரோடு ஸ்டேஷனில் மாஸ்டர். தலைமன்னாருக்கு முன்னால், காட்டுக்குள் இருக்கும் ஸ்டேஷன். அன்று காலை கப்பல் பயணிகள் வந்த ரயிலின் எஞ்சின் அங்கே படுத்துவிட்டது. உள்ளே தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்த குடும்பங்கள். பானை சட்டி, அம்மிக்கல், கோழிக்கூடு, குழந்தைகள். இருநூறு பேருக்கு மேல். வேறு எஞ்சின் வர இரண்டு மணி நேரமாகும். செய்தி வராவிட்டால் கப்பல் அரை மணி நேரம் நிற்கும். செய்தி வந்தால் ரயில் வரும்வரை நிற்கும். அதுதான் ஏற்பாடு. அதனால் அவர் பாலத்தடி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

“ஆரோ எடுத்தவன். ‘எஞ்சின் பழுது, ரெண்டு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கோ, பிள்ளையள் இருக்கினம்’ எண்டன். ‘சரி, கேப்டன்கிட்ட சொல்லிடறேன்’ எண்டு வைச்சான். ஆனால் கப்பல் போயிட்டுது.”

அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்து. கடல் கொந்தளித்து அது மூன்று நாளாயிற்று. ஐப்பசி மழை. பாலத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பாதிப் பேருக்குத்தான் இடம். மூன்றாம் நாள் காலையில் ஒரு பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது.

“விசாரணை வைச்சாங்கள். பாலத்தடியிலே ஒருத்தரும் போன் எடுக்கேல்லையாம். கப்பலிலேயிருந்து ‘செய்தி எதுவும் வரவில்லை’ எண்டு எழுத்திலே வந்தது. நான் சொன்னன், எடுத்தவன் இந்தியாக்காரன், எங்கட ஆள் ‘சொல்லுறன்’ எண்டுதான் சொல்லுவான், இவன் ‘சொல்லிடறேன்’ எண்டவன் எண்டு. விசாரிச்ச துரைக்குத் தமிழே தெரியாது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு இங்கிலீசிலே விளங்கப்படுத்தச் சொன்னார்.”

வசந்தி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“நான் போன் பண்ண மறந்திட்டன் எண்டு தீர்ப்பு. காட்டுக்குள்ளே இன்னும் சின்ன ஸ்டேசன் ஒண்டுக்கு மாத்தினாங்கள். நாளுக்கு ரெண்டு ரயில், மிச்ச நேரம் யானை. ஓய்வு பெறுமட்டும் அங்கேதான்.”

“அம்மாவே நம்பேல்லை” என்றாள் வசந்தி, கோப்பைகளை எடுத்துக்கொண்டே. “மறந்துபோனதைச் சொல்லப் பயந்து போன் பண்ணினதெண்டு சொல்லுறியள் எண்டு கடைசி வரைக்கும் சொன்னவ.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். “அண்டைக்கு நீங்கள் கப்பலிலேயோ?”

“இல்லை மாஸ்டர். அன்னைக்கு எனக்குத் தலை தீபாவளி. லீவு” என்றேன்.

பாதி உண்மை. அது என் தலை தீபாவளிதான். மானாமதுரையில் மாமனார் வீட்டில் எனக்காகப் புது வேட்டி காத்துக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு லீவு கிடைக்கவில்லை. கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மாலை ரயிலைப் பிடிக்கலாம். இரண்டு மணி நேரம் தாமதித்தால் எண்ணெய்க் குளியலுக்குப் போய்ச் சேர முடியாது. கப்பல் புறப்படும் முன் பாலத்தடி ஸ்டேஷன் அறையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் மாஸ்டர் வெளியே போயிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன்.

அரை மணி நேரம் ஆனதும் கேப்டன் “செய்தி ஏதாவது?” என்று கேட்டார். இல்லை என்றேன். முந்தின நாளே வந்து தங்கியிருந்த முப்பது பேரோடு கப்பல் கிளம்பியது. சில வாரம் கழித்து, ‘ஒரு மரணம் தொடர்பாக’ என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. செய்தி எதுவும் வரவில்லை என்று நான்தான் பதில் எழுதினேன். யார் இறந்தது என்று கேட்கவில்லை. பழி யார் தலையில் விழும் என்றும் கேட்கவில்லை.

அந்த மத்தியானத்துக்கு மேல் ‘றேன்’ என்று முடியும் எந்தச் சொல்லையும் நான் வாயில் எடுக்கவில்லை. ‘போயிட்டு வர்றேன்’ என்று விடைபெற முடியாமல் வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தேன். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று வசந்தி நினைத்திருப்பாள்.

வழியனுப்ப வந்த மாஸ்டர், நாளைக்கு என் பேச்சைக் கேட்க வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு தேவாலயக் கூடம். சங்கத்தார் இருபது பேரும் அவர்கள் மனைவிமார் சிலரும் வந்திருந்தார்கள். மனைவிமார் கொண்டுவந்த கேக்குகள் மேசையில் அணிவகுத்திருந்தன. எல்லாரும் பேச்சாளரைப் பார்த்த பார்வையைவிடக் கேக்கைப் பார்த்த பார்வையில் ஆர்வம் தெரிந்தது. கடைசி வரிசையில் மாஸ்டர், டை கட்டி, பக்கத்தில் வசந்தியோடு உட்கார்ந்திருந்தார்.

ஊரிலேயே எழுதி, டைப் அடித்துக்கொண்டு வந்த பேச்சு. கப்பல்களின் நீளம், அகலம், எத்தனை சுழல்விசிறி, நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது, எந்தப் புயலில் எந்தக் கப்பல் எப்படித் தப்பியது. ரசிகர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் கண்ணை மூடி ரசித்தார், அல்லது தூங்கினார். பதினோராவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘என் சர்வீஸ் காலத்தில் எங்கள் கப்பல் எங்கள் தவறால் ஒரு நாளும் தாமதமாகப் புறப்பட்டதில்லை.’

அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். ஆனால் படித்துக்கொண்டே போகிற வாய் நிற்கவில்லை. படித்தேன். கைதட்டினார்கள். மாஸ்டரும் தட்டினார்.

கேள்வி நேரம். முதல் கேள்வி புகைபோக்கியின் நிறம் பற்றி. இரண்டாவது கேள்வியும் புகைபோக்கியின் நிறம் பற்றி, முதல் கேள்வி கேட்டவரோடு கருத்து வேறுபாடு. பிறகு மாஸ்டர் எழுந்தார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, நேராக நின்றார். நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: “ஒரு ஸ்டேஷனிலிருந்து கப்பலுக்காக வரும் தொலைபேசிச் செய்தியை, உங்கள் வழக்கப்படி, யார் வாங்கிக்கொள்வார்? அதை எங்கே பதிவு செய்வார்?”

சந்தேகமோ குற்றச்சாட்டோ அவர் குரலில் இல்லை. பதினேழோ பதினெட்டோ வருடமாக விடை கிடைக்காத ஒரு சின்ன விவரம், கப்பல்காரன் ஒருவன் கிடைத்ததும் கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிற்கிற நிலை. விசாரணையில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. தமிழ் தெரியாத ஒருவருக்கு எதிரே, இரண்டு சொல்லுக்கு நடுவில் என்ன வித்தியாசம் என்று விளக்கிக்கொண்டு.

“நான்தான் மாஸ்டர் எடுத்தேன்” என்றேன், தமிழில். “லீவு இல்லை. பொய் சொன்னேன். போனை எடுத்தது நான். கேப்டன்கிட்ட சொல்லலை. விசாரணைக்கு எழுதினதும் நான்தான்.”

தலைமை வகித்த வால்டர், “மன்னிக்க வேண்டும், எங்களுக்கும் கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொன்னால் நல்லது” என்றார்.

மாஸ்டர் சபையின் பக்கம் திரும்பினார். “தொலைபேசியை எடுத்தது தான்தான் என்று பேச்சாளர் சொல்கிறார். கப்பல் நேரத்தோடு புறப்பட்டதற்கு அதுவே காரணம் என்கிறார். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நன்றி” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சிலர் குறிப்பெடுத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். கொதிகலனைக் கட்டிய கம்பெனியின் பெயர் கேட்டார்.

தேநீர் கொடுக்க ஆரம்பித்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது வால்டர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். ஆப்பிள் கறிக்காரர், புகைபோக்கிக்காரர் என்று ஐந்து நாளாக நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பிறகு, “என்னிடம் ஒரு டைப்ரைட்டர் இருக்கிறது” என்றார்.

அவர் மேசையில் உட்கார்ந்து அன்று சாயங்காலமே அடித்தேன். ஆங்கிலத்தில், ஒரே பக்கம். பெயர், பதவி, அன்று நான் எங்கே இருந்தேன், எத்தனை மணிக்குப் போன் வந்தது, என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், என்ன செய்யவில்லை. பின்னால் விசாரணைக்கு என்ன பொய் எழுதினேன். கடைசி வரியில் ‘இதற்காக நான் ஆழ்ந்து வருந்துகிறேன்’ என்று அடித்தேன். வால்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெற்ற கப்பல் சிப்பந்தி என்று கீழே எழுதினார்.

திங்கட்கிழமை காலை பாபகூராவுக்குப் போனேன். வசந்திதான் கதவைத் திறந்தாள். வேலைக்குப் போகவில்லை போல. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

“அப்பா ராத்திரி சாப்பிடேல்லை” என்றாள். “அந்தக் காட்டு ஸ்டேசனுக்குக் கிட்டப் பள்ளிக்கூடம் ஒண்டும் இல்லை. என்னை யாழ்ப்பாணத்திலே ஹாஸ்டலிலே விட்டவை. ஏழு வருசம். அப்பாவை நான் லீவுக்குத்தான் கண்டனான்.” வழிவிட்டு ஒதுங்கினாள்.

மாஸ்டர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் உறையை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் படித்தார். பென்சில் எடுத்து ஓர் இடத்தில் நேரத்தைத் திருத்தினார். நான் எழுதியது ஐந்து நிமிடம் தப்பாம். அவருடைய அந்தக் காலத்து நோட்டில் சரியாக இருக்கிறதாம்.

“இதை எங்கே அனுப்பலாம் மாஸ்டர்? கொழும்புக்கா?”

“கொழும்பிலே ஆர் இருக்கினம், இதைத் தேடி எடுக்க? அந்தப் பாதையே இப்ப ஓடுதோ தெரியாது.” கடைசி வரியில் விரலை வைத்தார். “இது என்ன?”

“வருத்தம் தெரிவிச்சிருக்கேன்.”

“வெட்டுங்கோ. அறிக்கையிலே நடந்ததுதான் வர வேணும். கவலைப்படுறதை நீங்கள் உங்கட வீட்டிலே போய்க் கவலைப்படுங்கோ.”

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ரயில்வே வழக்கப்படி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

“அந்த இடத்திலே பிள்ளையின்ர பேரை எழுதுங்கோ.”

எனக்குப் பெயர் தெரியாது என்றேன்.

“தெரியாதுதானே” என்றார். “செல்வராணி. நாலு வயசு. தகப்பன் பேர் மாரிமுத்து. தோட்டம் நாவலப்பிட்டிப் பக்கம்.”

ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். ஒரு எழுத்து சரியாக விழவில்லை. மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன்.

அவர் தாளை வாங்கிக்கொண்டு எழுந்து, மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிளாட்பாரத்தில் அறிவிப்புச் சொல்கிறவரைப் போல் உரத்த குரலில், என் பெயரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை வாசித்தார். வசந்தி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் உட்காரவில்லை. ‘கேப்டன்கிட்ட சொல்லிடறேன்’ என்று நான் சொன்ன இடம் வந்தபோது, மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, அந்த ஒரு சொல்லை மட்டும் என் ஊர்க்காரன் சொல்வது போலவே சொன்னார்.